நிறுத்தச் சொன்னவர்கள்

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லோடைத் தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம் திருப்பு என்று சொல்ல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. அவர் சிக்னல்மேன். முதலாளியே வந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் சிக்னல்மேன் கை அசையாமல் நான் தூக்கமாட்டேன். ஆனால் 'நிறுத்து' என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டீ கொண்டுவருகிறவர், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், வழி தெரியாமல் உள்ளே நுழைந்தவர், யாராக இருந்தால் என்ன? இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசினால் அந்த நொடியே நிறுத்தியாக வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் நிறுத்திய பிறகுதான்.

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவள். சைட்டில் எனக்குப் பெயர் 'மேலிடம்'. "மேலிடத்துல என்ன சொல்றாங்க?" என்று கீழே ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். கீழே நின்று எனக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன் என் வீட்டுக்காரர். புருஷன் கையசைத்தபடி ஆடுகிற பெண்டாட்டி உலகத்தில் உண்டா என்று யாராவது கேட்டால் எங்களைக் காட்டலாம், வேலை நேரத்தில் மட்டும். வீட்டுக்கு வந்துவிட்டால் சிக்னல் என் கைக்கு மாறிவிடும்.

ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நடைபாலம் கட்டிக்கொண்டிருந்தோம். இந்தக் கரையிலிருந்து ஒரு கை, அந்தக் கரையிலிருந்து ஒரு கை என்று இரும்புத் துண்டுகள் நீண்டுகொண்டே வரும். கடைசியில் நடுவே ஒரு இடைவெளி மிஞ்சும். அதில் நடுத்துண்டை இறக்கிவிட்டால் பாலம் பாலமாகிவிடும். முதல் துண்டைத் தூக்கி வைத்தது நான். பாதிப் பாலம் என் கையால் வந்தது. அப்போதுதான் என் குடல் என்னைக் கவிழ்த்தது.

பெருங்குடலில் அழற்சி என்றார் குடல் டாக்டர். "வரும், அடங்கும், மறுபடி வரும். மருந்தை விடாம சாப்பிடுங்க. இப்ப உச்சத்துல இருக்கு, அதனால நார் உள்ளது, கொட்டை உள்ளது, பச்சைக் காய்கறி எதுவும் வேணாம்." கிரேன் கேபினில் சீட் இருக்கும், ஃபேன் இருக்கும், கக்கூஸ் மட்டும் இருக்காது. வயிறு கூப்பிட்டு நான் ஏணி இறங்கி வருவதற்குள் என்ன ஆகும் என்பதை நான் விளக்கமாகச் சொல்லப்போவதில்லை. ஒருமுறை ஆயிற்று. அதோடு என்னை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே ஜன்னல் வழியாக என் கிரேன் தெரியும். அதில் உட்கார்ந்திருந்தவருக்கு 'மின்னல்' என்று பெயர். ஒரு துண்டைத் தூக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிடலாம் என்பதால் வந்த பெயர் அது. எனக்கு வயிறும் எரிந்தது, வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது.

மருந்து வேலை செய்தது. நோய் அடங்கியது. ஆனால் நான் தேறவில்லை. சுடிதார் தோளில் தொங்கியது. ஒருநாள் ஸ்டோரில் போல்ட் பெட்டியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே சுருண்டு விழுந்தேன். கம்பெனி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"குடல் பரவாயில்ல. ஆனா உடம்புல ரத்தமும் இல்ல, சதையும் இல்ல. இந்த நிலைமையில உங்களை ஏணி ஏற விடமாட்டேன்."

"நடுத்துண்டு வரப்போகுது டாக்டர்."

"அதுக்குள்ள தேத்திக்கிட்டு வாங்க, ஏறுங்க. இல்லேன்னா மின்னல் வைக்கட்டும். முதல்ல போய் டயட்டீஷியனைப் பாருங்க."

நான் தொடங்கிய பாலத்தை மின்னல் முடிப்பதா? எனக்கு ரத்தம் இல்லை என்று சொன்னாரே, அந்த இல்லாத ரத்தம் அப்படியே கொதித்தது.

டயட்டீஷியன் அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கடைசி அறை. மேசை முழுக்க ரப்பரில் செய்த சாப்பாடு. ரப்பர் முட்டை, ரப்பர் மீன், ரப்பர் ஆப்பிள். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அளவு காட்டுவதற்காம். நான் அந்த ஆப்பிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேபினில் உட்கார்ந்து ஆப்பிளைத் தோலோடு நறுக்கென்று கடிப்பது எனக்குப் பழக்கம். இப்போது ரப்பர் ஆப்பிளைப் பார்த்தே நாக்கில் நீர் ஊறியது என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம் குள்ளமாக, துருதுருவென்று இருந்தார். பேச ஆரம்பித்தால் அவருடைய இரண்டு கைகளும் சும்மா இருக்காது. மேலே போகும், சுழலும், விரியும், பொத்தென்று இறங்கும். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் நாற்காலியில் நெளிந்தார்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. கையைக் கொஞ்சம் கீழ வச்சுக்கிட்டுப் பேசுங்க. நீங்க இதுவரைக்கும் மூணு லோடை இறக்கிட்டீங்க."

மேடத்துக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப என்னென்ன சாப்பிடறீங்க?"

"கஞ்சி. வெள்ளை ரொட்டி. வேகவச்ச உருளைக்கிழங்கு."

"அப்புறம்?"

"அப்புறம் கஞ்சி."

"முட்டை?"

"நிறுத்தியாச்சு. இவரோட சித்தப்பா வேணாம்னார். சூடாம்."

"அவர் டாக்டரா?"

"தையல்காரர்."

"மீன்?"

"என் நாத்தனார் நிறுத்தச் சொன்னா."

"வாழைப்பழம்? அது வயித்துக்கு நல்லதாச்சே!"

"பஸ்ல பக்கத்து சீட்ல ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க. அவங்கதான் கூடவே கூடாதுன்னாங்க."

"யாரு அவங்க?"

"தெரியாது. அடுத்த ஸ்டாப்புல இறங்கிட்டாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "ஏங்க, வழியில போறவங்க ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடுவீங்களா?"

"ஆமா," என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இத்தனை வருஷமாகச் சோறு போட்ட பழக்கம். நிறுத்து என்ற சொல் காதில் விழுந்தால் கை தானாக லீவரை விடும், ஸ்பூனையும் விடும். சொன்னவர் யார் என்று மூளை யோசிப்பதற்குள் தட்டு நகர்ந்திருக்கும். அப்படியே ஒவ்வொருவராக நிறுத்தச் சொல்லி, கடைசியில் என் தட்டில் மிஞ்சியது மூன்று வெள்ளைப் பொருள்கள்.

வீட்டுக்காரர் எங்கள் சட்டத்தை மேடத்துக்கு விளக்கினார். எனக்காகப் பரிந்து பேசுவதாக அவருக்கு நினைப்பு. மேடம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சரி. நிறுத்தியாச்சு. அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்தச் சொன்னவர் வந்து, எதுக்கு நிறுத்தச் சொன்னேன்னு சொல்லணும். அதைச் சரிபண்ணணும். சரியாயிடுச்சு, போகலாம்னு அவரே வாயால சொல்லணும். அப்புறம்தான் நான் மறுபடி சிக்னல் குடுப்பேன்."

"அவர் வராமலே போயிட்டார்னா?"

"அது எப்படி மேடம் போவார்? லோடு தொங்குது! தொங்கவிட்டுட்டு எவனாவது போவானா? வேலையைவிட்டே தூக்கிடுவாங்க."

"அந்த பஸ் அம்மா திரும்பி வந்தாங்களா?"

"இல்லையே," என்றேன்.

"தையல்காரச் சித்தப்பா? நாத்தனார்? போகலாம்னு யாராவது வந்து சொன்னாங்களா?" மேடத்தின் கைகள் மறுபடி மேலே போய்விட்டன. "ஏன், குடல் டாக்டர் சொன்னதுகூட நோய் உச்சத்துல இருந்தப்பச் சொன்னது. அன்னிக்கு அது சரி. இப்ப நோய் மாறிடுச்சு, உங்க சாப்பாடு மாறவே இல்ல. எல்லாரும் நிறுத்தச் சொல்லிட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. நீங்க பாட்டுக்கு அந்தரத்துல தொங்கிக்கிட்டிருக்கீங்க!"

மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. சட்டத்தில் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மீதிப் பாதியை சைட்டிலேயே விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது, ஆனால் சந்தோஷம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. அப்படியானால் முட்டை உண்டு! மீன் உண்டு!

"உண்டு. ஆனா ஒரே நாள்ல இல்ல," என்றார் மேடம்.

"தெரியும் மேடம்," என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "கனமான லோடுன்னா நாங்க சட்டுன்னு தூக்கமாட்டோம். தரையிலேர்ந்து ஒரு ஜாண் தூக்கி, நிறுத்தி, சுத்திப் பாப்போம். பிடி சரியா இருந்தா மேல."

"அதேதான்! முதல்ல ஒரே ஒரு புது சாப்பாடு, அதுவும் கொஞ்சம். வயிறு ஒண்ணும் சொல்லலைன்னா அளவைக் கூட்டுவோம். அப்புறம்தான் அடுத்தது. ரத்தத்துக்கு டாக்டர் மாத்திரை குடுப்பார். மீதியை நாம பாத்துக்குவோம்."

"ஆப்பிள்?" என்றேன்.

"தோலைச் சீவி, வேகவச்சு."

"தோலோட?"

"இப்ப இல்ல. அதை நிறுத்தறது நான். எப்ப சாப்பிடலாமோ அப்ப நானே வந்து சொல்றேன். பஸ் அம்மா மாதிரி இறங்கிப் போயிடமாட்டேன்."

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு முட்டை வெந்தது. அதற்கு நடந்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் மேசைக்கு எதிரே நின்று, கட்டை விரலை உயர்த்தி முறைப்படி சிக்னல் கொடுத்தார். நான் ஒரு விள்ளலை வாயருகே கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் உள்ளே வந்தாள்.

"ஐயோ அண்ணி, நிறுத்துங்க! முட்டையா?"

கை தானாக இறங்கிவிட்டது. பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா?

"நிறுத்தியாச்சு," என்றார் வீட்டுக்காரர் தங்கையிடம், சூப்பர்வைசர் குரலில். "இப்ப காரணத்தைச் சொல்லு."

"காரணம்னா... ஆகாதுன்னு சொல்றாங்கண்ணா."

"யாரு சொல்றாங்க?"

"யாரோ சொன்னாங்க."

"அந்த யாரோ நேர்ல வரட்டும். அதுவரைக்கும் நீ காரணம் இல்லாம லோடை நிறுத்தியிருக்கே. போகலாம்னு சொல்லு."

நாத்தனாருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் அண்ணன் நின்ற தோரணையைப் பார்த்து, "சரி, சாப்பிடுங்க அண்ணி," என்று சொல்லிவிட்டாள். சாப்பிட்டேன். மஞ்சள் கரு நாக்கில் கரைந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு முட்டைக்கு யாராவது அழுவார்களா என்று கேட்காதீர்கள். கஞ்சி மட்டும் குடித்துப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு புதுச் சாப்பாடும் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். மீன் வந்தது, வயிறு வாயைத் திறக்கவில்லை. வாழைப்பழம் வந்தது, குழைய வேகவைத்த கேரட் வந்தது, தயிர் வந்தது. மேடத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எடை மெஷினில் நான் முதலில் ஏறுவேனா, அவர் முதலில் எட்டிப் பார்ப்பாரா என்று போட்டியே நடக்கும். முள் நகர்ந்திருந்தால் அவருடைய கைகள் கூரைக்குப் போய்விடும். வீட்டுக்காரர் பாவம், கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் எழுந்து வரும்போது நான் மறக்காமல் கேட்பேன்: "தோலு?" அவரும் மறக்காமல் சொல்வார்: "இப்ப இல்ல."

நடுத்துண்டு வரும் நாள் குறிக்கப்பட்டதும்தான் நான் சொதப்பினேன். சேதி கேட்ட சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மின்னல் கேன்டீனில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு சுவாரசியத்தில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஒரு ஜாண் தூக்கிப் பார்ப்பதாவது! ஒரே தூக்கு. மறுநாள் வயிறு முறுக்கிப் பிழிந்தது. பழைய வலி, பழைய ஓட்டம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. நோய் திரும்பி வந்துவிட்டதா? வந்துவிட்டால் நடுத்துண்டு மட்டுமா போகும்? கிரேனே போய்விடும்.

நான் வெளியே வந்தபோது வீட்டுக்காரர் அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் போனை எடுத்து மேடத்திடம் அத்தனையும் கொட்டினேன்.

"கஞ்சிக்குப் போகாதீங்க!" என்றார் மேடம். "முழுசா தரைக்கு இறக்கவேணாம். கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க. முட்டை, மீன், தயிர் இருக்கட்டும். கடலை வேணாம், கேரட்டும் ரெண்டு நாளைக்கு வேணாம். தண்ணி நிறையக் குடிங்க. இன்னிக்கே குடல் டாக்டரைப் போய்ப் பாருங்க. இது கடலை பண்ற வேலையா, நோய் பண்ற வேலையான்னு தெரியணும்."

குடல் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், கூடவே ஒரு சின்ன டப்பாவையும் நீட்டினார். அதில் எதைப் பிடித்துத் தர வேண்டும் என்பதையும் நான் விளக்கப்போவதில்லை. குடலில் மறுபடி அழற்சி ஆரம்பித்திருக்கிறதா என்று அது சொல்லிவிடுமாம், ஆனால் ரிப்போர்ட் வர நாளாகுமாம். அதற்குள் வலி தானாகவே விட்டுவிட்டது. ரத்தம் தேறியிருந்தது, எடை ஏறியிருந்தது. கம்பெனி டாக்டர் குடல் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, "ஏறலாம். ஆனா ரிப்போர்ட்ல ஏதாவது இருந்தா மறுபடி ஸ்டோர்தான்," என்றார். பாதி வயிற்றில் பாலை வார்த்தார். மீதிப் பாதி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தது.

நடுத்துண்டு நாள் வந்தது. காற்று அடங்கிய காலை. இரண்டு கரையிலும் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்காரர் மேடத்தையும் கூப்பிட்டிருந்தார். நான் ஏணியில் ஏறினேன். எங்கேயும் மூச்சு வாங்க நிற்கவில்லை. கேபின் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மின்னல் சீட்டைத் தன் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளிவைத்திருந்தார். அதை இழுத்து முன்னால் போட்டேன். பையில் தண்ணீர், அவித்த முட்டை, ஒரு ஆப்பிள், அதோடு தோல் சீவுகிற கத்தி. வேகவைக்காத ஆப்பிளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, தோலுக்குத்தான் இன்னும் இல்லை.

"மேலிடம் ரெடியா?" ரேடியோவில் வீட்டுக்காரர் குரல்.

"மேலிடம் எப்பவோ ரெடி."

நடுத்துண்டு தரையைவிட்டு ஒரு ஜாண் எழும்பி நின்றது. சுற்றிப் பார்த்தார்கள். பிடி சரி. மேலே எடுத்தேன். அது சூரிய ஒளியில் மெல்லத் திரும்பி ஆற்றுக்கு மேலே வந்தது. இடைவெளிக்கு நேர் மேலே கொண்டுவந்து, "இறக்கு, மெதுவா, மெதுவா," என்ற குரலுக்கு இழைந்து இழைந்து இறக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கயிற்றுக்குப் பின்னால் இரண்டு கைகள் தலைக்கு மேலே எழுந்து வீசின.

நிறுத்தினேன். நடுத்துண்டு அந்தரத்தில் நின்றது.

"ஏன் நிறுத்தினே? என்னாச்சு? வயித்தை வலிக்குதா?" வீட்டுக்காரர் குரல் பதறியது.

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்க பின்னாடி ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கினாங்க."

"யாரு?"

"டயட்டீஷியன் மேடம்."

மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வீட்டுக்காரர் திரும்பினார். மேடம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, பரீட்சையில் பிடிபட்டவர் போல நின்றார். ஒரு கையில் போன் இன்னும் இருந்தது. சட்டம் சட்டம்தான். வீட்டுக்காரர் அவரிடம் போய் ரேடியோவை நீட்டினார்.

"நிறுத்தினது நீங்க. காரணத்தை நீங்கதான் சொல்லணும்."

ரேடியோவில் மூச்சு வாங்குவது கேட்டது. "நான்தாம்மா. மன்னிச்சுக்கோ. குடல் டாக்டர் இப்பதான் போன் பண்ணார். ரிப்போர்ட் வந்துடுச்சு. அழற்சி இல்ல. சுத்தமா இல்ல! அது வெறும் கடலைதான். சந்தோஷத்துல கை தானா மேல போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் வந்திருக்க வேண்டும்.

"காரணம் சரியாச்சுங்களா மேடம்?" என்று வீட்டுக்காரர் கேட்பது ரேடியோவிலேயே கேட்டது. "அப்ப நீங்களே சொல்லுங்க. அப்பதான் நான் சிக்னல் குடுக்க முடியும்."

"சரியாச்சு," என்றார் மேடம். "போகலாம். போம்மா, போ."

எத்தனை பேர் என்னை நிறுத்தச் சொன்னார்கள்! சித்தப்பா சொன்னார், ஊர் பேர் தெரியாத பஸ் அம்மா சொன்னார். காரணத்தையும் சொல்லி, மனசார 'போ' என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கண் கலங்கினால் லோடு தெரியாது. வீட்டுக்காரர் கை அசைந்தது. நடுத்துண்டு இறங்கி, இரண்டு பக்கக் கைகளுக்கும் நடுவே, செய்து வைத்தாற்போல் உட்கார்ந்தது. ஆட்கள் ஓடிப்போய் போல்ட்டுகளை இறுக்கினார்கள். கொக்கியைக் கழற்றியதும் இரண்டு கரையும் ஒரே நேரத்தில் ஆர்ப்பரித்தது. மின்னல்கூடக் குதித்தார், எல்லாரும் குதித்து முடித்த பிறகு.

நான் ரேடியோவை எடுத்தேன். "மேடம் அங்க இருக்காங்களா?"

"இருக்கேம்மா."

"தோலு?"

கீழே பார்த்தேன். மேடம் இந்த முறை கைகளை அசைக்காமல் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

"சின்னதா ஒரு கடி. நல்லா மென்னு முழுங்கணும். வயிறு சும்மா இருந்தா நாளைக்கு இன்னொரு கடி," என்றார். "தோலோட."

கத்தியைப் பைக்குள் போட்டுவிட்டு ஆப்பிளைக் கடித்தேன். ரேடியோ பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டேன். அந்த நறுக்கென்ற சத்தம் சைட் முழுக்கக் கேட்டதாம்.